வலிக்காத உறுப்பும் ‘எங்க வலிக்குது?’ என்ற கேள்வியும்

தமிழில் பயம் குடியிருப்பது ஈரலில்தான். ‘ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு’ என்கிறோம். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ‘எங் ஈரக்கொலையப் புடுங்கிட்டுப் போயிட்டானே’ என்று அழுகிறாள். சினிமா இதயத்துக்கு எவ்வளவோ மவுசு தேடிக் கொடுத்த பிறகும் நம் பக்கத்து ஒப்பாரியில் துடிப்பது ஈரல்தான். கறிக்கடையில் ஈரல் வேறு, சுவரொட்டி வேறு என்று பிரித்துக் கேட்டு வாங்கத் தெரிந்தவர்கள் நாம். சுவரொட்டி என்பது மண்ணீரல். பிள்ளை பெற்றவளுக்கு ரத்தம் ஊறட்டும் என்று ஈரலைச் சுட்டுக் கொடுக்கிறோம். இத்தனை பழக்கமான உறுப்பைப் பற்றி ஒரு டாக்டரின் மேஜைக்கு முன்னால் நாலு வாக்கியம் சேர்த்துப் பேச முடியாமல் போகிறதே, அது ஏன் என்பதைத்தான் இங்கே பேச நினைக்கிறேன். தனிப்பட்ட டாக்டர்களின் குணக்கேட்டால் மட்டும் இது நடக்கவில்லை. கேள்வியின் அமைப்பிலேயே கோளாறு இருக்கிறது.

எட்டயபுரம், விளாத்திகுளம், கோவில்பட்டி சுற்று வட்டாரத்தில் நோயைச் சொல்லும் முறை ஒன்று உண்டு. ‘மேலுக்கு முடியல’ என்பார்கள். மேல் என்றால் உடம்பு, முழு உடம்பு. ‘சோறு செல்லமாட்டேங்கு’, ‘அசதியா வருது’, ‘ஒரு மாதிரியா இருக்கு’ என்பதெல்லாம் இந்த மொழிதான். இதில் நோய்க்கு இடம் கிடையாது; அது ஆளையே பிடித்திருக்கிறது. மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் கேள்வியோ ‘எங்க வலிக்குது?’ என்பது. மிஷெல் ஃபூக்கோ 1963இல் எழுதிய ‘கிளினிக்கின் பிறப்பு’ இந்த இடத்தைத்தான் தொடுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய மருத்துவர் ‘உனக்கு என்ன செய்கிறது?’ என்று கேட்பதை விட்டு ‘எங்கே?’ என்று கேட்கத் தொடங்கினார், அந்த ஒரு சொல் மாற்றத்துக்குள் நவீன மருத்துவம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது அவர் வாதம். நோயாளியின் கதை பின்னுக்குப் போய் உடம்பு ஒரு வரைபடமாக ஆகிறது.

இந்தக் கேள்விக்கு ஈரல் பதில் சொல்லாது. கல்லீரலின் உள்சதையில் வலியை உணரும் நரம்பு இல்லை. ஈரல் வீங்கி, அதைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறை இழுபட்டால்தான் வலது விலாவுக்குக் கீழே ஒரு கனம், ஒரு மந்தமான வலி தெரியும். பலருக்கு அதுவும் தெரியாது. ஒன்றரைக் கிலோ எடையுள்ள இந்த உறுப்பு பெரும்பகுதி கெட்ட பிறகும் மிச்சத்தை வைத்துக்கொண்டு வேலை பார்க்கும். கண் மஞ்சளாகி, வயிற்றில் நீர் கோத்து, கால் வீங்கி அது வாய் திறக்கும்போது காலம் ரொம்பவே கடந்திருக்கும்.

வரலாற்றிலும் இதற்கொரு தடயம் இருக்கிறது. 1816இல் ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்த ரெனே லேனெக்தான், 1819இல் வெளியிட்ட தன் நூலில் சுருங்கித் தழும்பேறிய ஈரலுக்கு ‘சிரோசிஸ்’ என்று பெயர் வைத்தார். பழுப்பு மஞ்சள் நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்த பெயர் அது. அந்த நிறம் உயிரோடிருப்பவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் தெரிவதில்லை, பிணத்தை அறுத்தால்தான் தெரியும். நெஞ்சின் ஓசையைக் காது வைத்துக் கேட்கச் சொல்லிக்கொடுத்த அதே மனிதர் ஈரலுக்குப் பெயர் வைக்கச் சவத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

வலி இல்லையென்றால் வேறு எதைக் கொண்டு டாக்டர் ஈரலை நினைக்கிறார்? இங்கேதான் அடுத்த கேள்வி வருகிறது: ‘குடிப்பீங்களா?’

மருத்துவரீதியாக இது கேட்கப்பட வேண்டிய கேள்விதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் 2003 நவம்பரிலிருந்து அரசே சில்லறையில் சாராயம் விற்கும் ஒரு மாநிலத்தில் இந்தக் கேள்வி சோதனையின் தொடக்கமாக இருப்பதில்லை, தீர்ப்பாக இருக்கிறது. ‘ஆமா’ என்று சொன்னவனுக்கு ‘மொதல்ல குடிய விட்டுட்டு வா’ என்று சீட்டு மூடப்படுகிறது. ஈரல் எந்த அளவுக்குக் கெட்டிருக்கிறது, ஹெபடைடிஸ் பி, சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது குடிக்கிறவனுக்குத்தான் அதிகம். அவனுக்குத்தான் அது நடப்பதில்லை. ‘இல்லை’ என்று சொன்னவருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, ‘அப்ப ஒண்ணும் இருக்காது’ என்று சீட்டு மூடப்படுகிறது. இரண்டு பேரையும் திருப்பி அனுப்புவது ஒரே ஒழுக்கவியல். ஈரலை உடலின் உறுப்பாகப் பார்க்காமல் நடத்தைச் சான்றிதழாகப் பார்க்கிறது அது.

மருத்துவத்தின் பெயர்களுக்குள்ளேயே இது புகுந்திருந்தது. 1980இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஜூர்கன் லுட்விக்கும் உடன் ஆய்வாளர்களும், குடிக்காத நோயாளிகளுக்கும் குடிகாரர்களுக்கு வருவது போன்றே ஈரல் அழற்சி வருவதைக் கண்டு எழுதினார்கள். அவர்கள் வைத்த பெயரின் முதல் சொல் ‘குடி சாராத’ என்பது. தனக்கென்று ஒரு பெயர் இல்லாமல், இன்னொன்று இல்லை என்பதையே பெயராகக் கொண்ட நோய். சர்க்கரை நோய், உடல் பருமன், ரத்தக் கொழுப்பு ஆகியவற்றோடு சேர்ந்து வரும் இது இன்று உலகத்திலேயே மிகப் பரவலான ஈரல் நோய். 2023இல் உலகின் ஈரல் மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து இந்தப் பெயரை மாற்றின. கருத்துச் சொன்னவர்களில் 61 சதவீதத்தினர் ‘குடி சாராத’ என்ற சொல்லையும், 66 சதவீதத்தினர் ‘கொழுப்பு’ என்ற சொல்லையும் இழிவுபடுத்துபவை என்றார்கள். ஆகவே ‘வளர்சிதைமாற்றக் கோளாறு’ என்பது பெயருக்குள் வந்தது. ‘கொழுப்பு’க்கு ஆங்கிலத்தில் இருந்த சொல்லை எடுத்துவிட்டு அதே பொருள் தரும் கிரேக்கச் சொல்லைப் போட்டார்கள். வசவைக் கிரேக்கத்துக்குக் கொண்டுபோனால் வசவு போய்விடுமா என்று கேட்கலாம். தமிழில் அந்த வசதியும் நமக்கில்லை. ‘ஒனக்குக் கொழுப்பு’ என்றால் திமிர் என்று அர்த்தம். ‘ஈரல்ல கொழுப்பு இருக்கும்மா’ என்று டாக்டர் சொல்ல, ‘நாந்தான் அப்பவே சொன்னேம்ல, இவளுக்குக் கொழுப்புன்னு’ என்று கூட வந்த புருஷன் சொல்ல, அறையில் எல்லோரும் சிரித்ததை நானே பார்த்திருக்கிறேன். அந்தச் சிரிப்போடு விஷயம் முடிந்தது. அந்தப் பெண்ணுக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. ஈரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்று ஒருவரும் பார்க்கவில்லை. இந்திய அரசு 2021 பிப்ரவரியிலேயே இந்த நோயைச் சர்க்கரை, புற்றுநோய், இதய நோய்களுக்கான தேசியத் திட்டத்துக்குள் சேர்த்துவிட்டது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

பெயர் மனுஷரை என்ன செய்யும் என்பதற்கு எங்கள் குடும்பத்திலிருந்தே ஒன்று. என் சித்தி ஒருத்தி தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவள், அம்பதைத் தொட்ட வயசு. ராத்திரியானால் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கும். தோலில் தடிப்போ புண்ணோ ஒன்றும் இருக்காது. ‘எய்யா, சீப்ப வச்சுச் சொறிஞ்சாலும் அடங்கமாட்டேங்கு, ஒறக்கமே இல்ல’ என்பாள். இரண்டு வருஷம். ஒரு தனியார் டாக்டர் தீப்பெட்டி மருந்துத் தூசி அலர்ஜி என்று களிம்பு கொடுத்தார். இன்னொருவர் ‘இந்த வயசுல அப்படித்தாம்மா இருக்கும், டென்ஷன்’ என்றார். தானாகவே ஈரலைப் பற்றிக் கேட்ட சித்திக்குக் கிடைத்தது ‘நீ டாக்டரா, நான் டாக்டரா?’ கடைசியில் ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வயசு குறைந்த டாக்டரம்மா ஒருவர், ‘ராத்திரி எத்தனை மணிக்கு எந்திரிக்கீங்க?’ என்று கேட்டார். எங்கே என்று கேட்கவில்லை, எப்போது என்று கேட்டார். ரத்தத்தில் அல்கலைன் பாஸ்படேஸ் பார்க்கச் சொன்னார். அது மூன்று மடங்கு ஏறியிருந்தது. பிறகு ஏ.எம்.ஏ. என்ற எதிர்ப்பொருள் சோதனை. ஈரலுக்குள் இருக்கும் நுண்ணிய பித்தக் குழாய்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அரித்துவிடும் நோய் அது. பெரும்பாலும் நாற்பது வயது தாண்டிய பெண்களுக்கு வரும். அசதியும் தடிப்பில்லாத அரிப்பும் முதல் அடையாளம். அர்சோடியாக்ஸிகோலிக் அமிலம் என்ற மாத்திரை பலருக்கு அதை மட்டுப்படுத்தும். சீக்கிரம் தொடங்கினால் நல்லது.

நோய் கண்டுபிடிக்கப்பட்டதோடு அவளுடைய துன்பம் தீரவில்லை. சீட்டில் எழுதியிருந்த பெயர் ‘பிரைமரி பிலியரி சிரோசிஸ்’. சிரோசிஸ் என்றால் குடிகாரர்களுக்கு வருவது என்று ஊரில் யாருக்குத் தெரியாது? ‘அத்தை ரகசியமா ஊத்திக்கிடுவா போலருக்கு’ என்று ஒரு கல்யாண வீட்டில் பேச்சு வந்தது. அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்கும் அவள் போவதில்லை. இதே அவமானத்தைச் சுமந்த ஐரோப்பிய நோயாளிகள்தான் பெயரை மாற்றச் சொல்லிக் கிளம்பினார்கள். இந்த நோய் வந்த பெரும்பாலோருக்கு சிரோசிஸ் நிலையே இல்லை என்பது அவர்கள் வாதம். 2015இல் மருத்துவச் சங்கங்கள் இணங்கின. ‘சிரோசிஸ்’ எடுக்கப்பட்டு, பித்தக் குழாய் அழற்சி என்று பொருள்படும் ‘கோலஞ்சைட்டிஸ்’ வந்தது. நோயாளிகள் ஒன்றுசேர்ந்து மருத்துவச் சொல்லாடலுக்குள் நுழைந்து ஒரு சொல்லைப் பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள்! இலக்கியத்தில் நாம் இவ்வளவு பேசியும் இப்படி ஒன்றைச் செய்தோமா தெரியவில்லை. அந்த மாற்றம் நடந்து வெகுகாலம் ஆன பிறகும் சித்தியின் சீட்டில் பழைய பெயரே இருந்தது.

இனி மஞ்சக்காமாலை. ‘காமாலைக்கு இங்கிலீஷ் மருத்துவத்துல மருந்து கெடையாது’ என்பது இந்தப் பக்கத்துப் பொதுப்புத்தி. இங்கிலீஷ் டாக்டர்களே சில பேர் ‘போய் நாட்டு மருந்து சாப்பிடுங்க’ என்று அனுப்பிவிடுகிறார்கள். கைகழுவுவதற்கு மரியாதையான வழி. இதில் பாதி உண்மை. காமாலை என்பது ஒரு நோயே இல்லை, அடையாளம் மட்டும்தான். தண்ணீர் வழியாகப் பரவும் ஹெபடைடிஸ் ஏ, ஈ வகைகள் பெரும்பாலும் தாமாகவே ஆறிவிடும். அந்த ஆறு வாரத்தில் எதைக் குடித்தாலும் அதற்குப் பெயர் கிடைக்கும். (ஈ வகை கர்ப்பிணிகளுக்கு உயிராபத்தானது என்பதை மறக்கக் கூடாது.) ரத்தம், உடலுறவு, பிரசவம் வழியாகப் பரவும் பி அப்படியில்லை, ரத்தம் வழியாகப் பரவும் சி-யும் அப்படியில்லை. பித்தக் குழாயைக் கல்லோ கட்டியோ அடைத்து வரும் காமாலையும் அப்படியில்லை.

கீழாநெல்லி விஷயத்தில் நம் தோழர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. இதில் கறாராக ஒன்றைச் சொல்லிவிடலாம். 1988இல் ‘லான்செட்’ இதழில் சென்னை ஆய்வாளர் எஸ்.பி.தியாகராஜனும் குழுவினரும் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் பெற்ற பரூக் பிளம்பெர்க் அதில் உடன் ஆசிரியர். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் ரத்தத்திலிருந்து போனது. வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் போனது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிற நாடுகளில் திரும்பச் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. நாட்டு மருத்துவத்தைக் கேட்காமலே தள்ளுகிறவர்களுக்கு இந்த ஆய்வின் முதல் பாதி பதில். ஏகாதிபத்தியச் சதி என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொள்கிறவர்களுக்கு இரண்டாம் பாதி பதில். இன்று பி வகையைக் கட்டுப்படுத்த டெனோஃபோவிர், என்டகாவிர் இருக்கின்றன. 1989இல்தான் அடையாளம் காணப்பட்ட சி வகை இப்போது பெரும்பாலோருக்கு மூன்று மாத மாத்திரையில் குணமாகிறது. 2018 ஜூலை 28இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைச் சிகிச்சை மையங்களில் இவற்றுக்கான சோதனையும் மருந்தும் இலவசம். ‘மருந்து கெடையாது’ என்பது பொய்.

ரத்ததான முகாம் நடத்துகிற, ரத்தம் கொடுக்கிற வாசகர்கள் இதைப் படிப்பீர்கள். கொடுத்த ரத்தத்தில் ‘ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ்’ என்று வந்த இளைஞனிடம் ‘சும்மா கேரியர்தான், ஒண்ணும் செய்யாது’ என்று சொல்லி அனுப்புவது சகஜம். உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட கணக்கின்படி 2022இல் இந்தியாவில் 2.98 கோடிப் பேருக்குப் பி வகையும் 55 லட்சம் பேருக்குச் சி வகையும் இருந்தன. பி வகையில் சிரோசிஸ் இல்லாமலே ஈரல் புற்றுநோய் வரக்கூடும். ஆகவே ‘சும்மா கேரியர்’ என்று யாருமில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தரம் ரத்தமும், தேவைப்பட்டால் ஸ்கேனும் பார்க்கப்பட வேண்டியவர் அவர். சிகிச்சைக்குத் தகுதியானவர் யார் என்ற வரையறையையும் அதே 2024இல் அந்த நிறுவனம் தளர்த்தி, முன்பைவிட அதிகம் பேருக்கு மருந்து கொடுக்கச் சொல்லியிருக்கிறது.

சோதனை செய்த பிறகும் ஒரு மதில் உண்டு. ‘ரிப்போர்ட் நார்மல்’. எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற இரண்டும் ஈரல் செல்கள் உடையும்போது ரத்தத்தில் கசியும் நொதிகள். ஈரல் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அவை சொல்வதில்லை. தழும்பேறிச் சுருங்கிய ஈரலில் கசிவதற்குச் செல் குறைவாக இருப்பதால் அவை சாதாரணமாகவே இருக்கலாம். ஈரலின் வேலையைச் சொல்பவை பிலிருபின், அல்புமின், ரத்தம் உறையும் நேரம் மூன்றும். இன்னொரு துப்பு யாரும் கவனிக்காத இடத்தில் இருக்கிறது: ரத்தத் தட்டணு. ஈரல் இறுகினால் அதற்குள் போகும் ரத்தம் பின்னால் தேங்கி மண்ணீரல், அதாவது நம் சுவரொட்டி, வீங்கித் தட்டணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எண்ணிக்கை குறையும்.

இவற்றைச் சேர்த்து 2006இல் ஒரு கணக்கு உண்டாக்கினார்கள், ஃபிப்-4 என்று பெயர். எட்டாங்கிளாஸ் கணக்குதான். வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்க வேண்டும். தட்டணுவை (ஆயிரத்தில்) எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். முதலாவதை இரண்டாவதால் வகுக்க வேண்டும். 52 வயசுக்காரர், எஸ்.ஜி.ஓ.டி. 60, எஸ்.ஜி.பி.டி. 49, தட்டணு 1,20,000 என்று வைத்துக்கொள்வோம். 52ஐ 60ஆல் பெருக்க 3120. 49இன் வர்க்கமூலம் 7; 120ஐ 7ஆல் பெருக்க 840. வகுத்தால் 3.7. பொதுவாக 1.3க்குக் கீழே என்றால் தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு (65 வயதுக்கு மேல் அந்த எல்லை 2). 2.67ஐத் தாண்டினால் அடுத்த கட்டச் சோதனை கட்டாயம். மேலே சொன்னவரின் நொதிகளைப் பார்த்து ‘லேசாத்தான் கூடியிருக்கு’ என்று அனுப்பியிருப்பார்கள். கணக்கு வேறு சொல்கிறது. இது நோயை உறுதி செய்வதில்லை, கதவைத் தட்டும் ஒரு எண், அவ்வளவுதான். ஆனால் மருத்துவ அதிகாரம் எண்ணுக்குக் கொடுக்கும் மரியாதையை நம் வாக்கியத்துக்குக் கொடுப்பதில்லை.

அதனால் என்ன செய்வது? 2017இல் வெளியான, 67 நாடுகளை ஒப்பிட்ட ஆய்வில் இந்தியாவில் ஆரம்ப மருத்துவர் ஒரு நோயாளியோடு செலவிடும் நேரம் ஏறத்தாழ இரண்டு நிமிடம். வாசலில் இருநூறு பேரை நிறுத்திவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் மீது முழுப் பழியையும் போடுவது அரசைத் தப்பவிடுவதாகும். அந்த இரண்டு நிமிடத்துக்குள் நாம் இரண்டு மொழி பேச வேண்டியிருக்கிறது. எதிராளியின் மொழியில் மனுக் கொடுப்பது சரணாகதி ஆகாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். தாலுகா ஆபீசில் தினமும் அதைத்தானே செய்கிறோம்.

‘ஒரு மாதிரியா இருக்கு’ என்று தொடங்க வேண்டாம். ‘ஆறு மாசமா அசதி, எட நாலு கிலோ கொறஞ்சிருக்கு, ஒண்ணுக்கு மஞ்சளாப் போகுது’ என்று காலத்தோடும் அளவோடும் தொடங்கலாம். குடியைப் பற்றிக் கேட்குமுன் நாமே சொல்லிவிடுவது நல்லது. எத்தனை நாள், எவ்வளவு என்று. சாப்பிடும் எல்லா மருந்தையும் சொல்ல வேண்டும், காசநோய் மாத்திரை, வலி மாத்திரை, லேகியம் உள்பட. நாட்டு மருந்து என்றால் டாக்டர் திட்டுவார் என்று மறைக்கிறோம். சீந்தில் கொடி சாப்பிட்டு ஈரல் கெட்டவர்களைப் பற்றி 2021 முதல் மருத்துவ இதழ்களில் ஆய்வுகள் வந்திருக்கின்றன, மறைப்பதில் லாபமில்லை. வீட்டில் யாருக்காவது ஈரல் நோய், பி வகைக் காமாலை இருந்திருந்தால் அதுவும். பிறகு அந்தக் கேள்வி: ‘ஈரல்ல ஏதும் இருக்குமோன்னு பயமா இருக்குங்கய்யா. இல்லைன்னு எத வச்சுச் சொல்லுதீக?’ மரியாதை குறையாத கேள்வி. பதில் சொல்ல ஒரு காரணத்தையாவது தேட வைக்கும். சோதனை வேண்டாம் என்றால் ‘வேண்டாம்னு சீட்டுல எழுதிக் குடுத்துருங்கய்யா’ என்று கேட்கலாம். பேச்சில் எளிதாக மறுக்கப்படுவது எழுத்தில் அவ்வளவு எளிதாக மறுக்கப்படுவதில்லை, தமிழ் எம்.ஏ. படித்ததில் எனக்கு மிச்சமான உருப்படியான பாடம் அது. பெண்கள் தனியாகப் போகாமல், அதேசமயம் தனக்காகப் பேசாத ஓர் ஆளோடு போவது நல்லது. கூட வருகிறவர் ‘சித்தி, நீங்களே சொல்லுங்க’ என்று சொல்லத் தெரிந்தவராக இருந்தால் போதும். உள்நோயாளியாக இருந்தவர் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் ஒழுங்குவிதிகள் சொல்கின்றன. வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த டாக்டர் முதலில் இருந்து தொடங்க வேண்டியதில்லை.

இந்த முறையெல்லாம் நாள் இருக்கிறவர்களுக்கு. ரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம், காமாலையோடு புத்தி தடுமாற்றம், பகலில் தூக்கமும் ராத்திரி விழிப்புமாக மாறுவது, நீர் கோத்த வயிற்றோடு காய்ச்சல், இவற்றில் எது வந்தாலும் ஓ.பி. வரிசையில் நிற்கக் கூடாது.

கரிசல் காட்டுக்காரர்கள் தெரிந்திருக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. தீக்குச்சியில் வெள்ளைப் பாஸ்பரஸ் போடக் கூடாது என்று 1906இல் பெர்ன் நகரில் நாடுகள் ஒப்பந்தம் செய்தன. 1913இல் இந்தியாவிலும் சட்டம் வந்தது. வேலை பார்த்தவர்களின் தாடையெலும்பை அது அரித்ததுதான் காரணம். தீப்பெட்டியிலிருந்து வெளியேற்றப்பட்ட அந்த விஷம் மஞ்சள் பாஸ்பரஸ் என்ற பெயரில் எலி பேஸ்டுக்குள் தங்கிவிட்டது. தமிழ்நாட்டில் திடீர் ஈரல் செயலிழப்புக்கு அது ஒரு பெரிய காரணமாக இருந்துவந்திருக்கிறது. தெரியாமலோ மனசு உடைந்தோ அதை உட்கொண்டவர்கள் முதல் நாள் வாந்தியெடுப்பார்கள், இரண்டாம் நாள் நன்றாகத் தெளிந்து எழுந்து உட்காருவார்கள். ‘பையன் நல்லாத்தான இருக்கான்’ என்று வீடும் சொல்லும், சில நேரம் மருத்துவமனையும் சொல்லும். ஈரல் கெடத் தொடங்குவது அதற்கு அடுத்த நாட்களில். அந்தத் தெளிச்சியை நம்பி வீட்டுக்குக் கூட்டிவரக் கூடாது. ரத்தம் உறையும் நேரத்தைப் பார்த்தீர்களா என்று கேட்க வேண்டும், மறுநாளும் அதற்கடுத்த நாளும் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும், அந்த எண் ஏறினால் அன்றைக்கே ஈரல் சிகிச்சைப் பிரிவு இருக்கிற பெரிய மருத்துவமனைக்கு மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும்.